நாலு கல் கூடும் இடம்

கடையில் ஒற்றைக் கல்லைப் பார்த்துவிட்டு வீட்டுத் தரைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போன மாதம் என் தங்கை மகன் டைல்ஸ் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "நாலு முழுக் கல்லைத் தரையில் சேர்த்துப் போடுங்க. நின்று பார்க்கணும், சுற்றி வந்து பார்க்கணும்," என்றேன். "பெரியம்மா, இது பூ இல்லாத வெறுங்கல்லு," என்றான் அவன். வெறுங்கல் என்றாலும் போடச் சொன்னேன். போட்டார்கள். ஒரு தடவை சூடுபட்ட வீட்டில் பிறந்தவள் நான்.

உலகச் சண்டை முடிந்து சிமெண்டு மறுபடி கண்ணில் படத் தொடங்கிய சமயம் அது. என் அப்பா தோணியில் தண்டல், அதாவது கப்பலுக்குக் காப்டன் மாதிரி பாய்த்தோணிக்கு அவர். கருப்பட்டியும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், காற்று எப்போது அனுமதிக்கிறதோ அப்போது திரும்புவார். எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா கடலில் இருந்ததால் வீட்டைக் கட்டியது பெரியப்பாதான். அப்பாவின் அண்ணன். அவரும் ஒரு காலத்தில் தண்டலாக இருந்தவர். கரையேறிய பிறகு அதட்டுவதற்குத் தோணி இல்லாமல் கொத்தனாரை அதட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கைத்தடி நீண்ட இடத்தில் வாசல் வந்தது, தடி நின்ற இடத்தில் சுவர் முடிந்தது.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். சமையல்கட்டில் கிழக்கே ஒரு ஜன்னல் வேண்டும். அந்தப் பக்கம் வெறும் மணல்வெளி. அதைத் தாண்டினால் துறைமுகத்துப் பாய்மரங்கள் தெரியும்.

"சமையக்கட்டுக்கு எதுக்கு ஜன்னலு? புகை போகக் கூண்டு வச்சாச்சுல்லா," என்றார் பெரியப்பா. கிழக்குச் சுவர் முழுச் சுவராக எழும்பிவிட்டது.  அன்றைக்கு முழுக்க அம்மா பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

அந்தச் சத்தம், அப்போது கரைக்கு வந்திருந்த அப்பா காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த பயணத்துக்குக் கிளம்பும்போது, பெரியப்பா இருக்கும்போதே சொன்னார்: "ஏளா, கூடத்துத் தரை உன் இஷ்டம். பூக்கல்லோ, காவி போட்ட சிமெண்டோ, உனக்குப் பிடிச்சதைப் போடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." பெரியப்பா தொண்டையைச் செருமினார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வீட்டில் அவளிடம் கேட்டு நடக்கப்போகிற முதல் காரியம் அது. தரை நன்றாக அமைந்தால் அடுத்தாற்போல் ஜன்னலைப் பற்றிப் பேசலாம் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டது எனக்குத் தெரியும். கெட்டுப்போனால் அவ்வளவுதான், அப்புறம் அந்த வீட்டில் உப்புப் பானையை எங்கே வைப்பது என்றுகூட அவளிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

நான் அப்போது கன்னியர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. எதையும் புரட்டிப் பார்க்காமல் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் கல் வாங்க அம்மா என்னைத்தான் கூட்டிப் போனாள்.

பெரிய கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி கடையில் பூக்கல் விற்றார்கள். சிமெண்டில் சாயம் கலந்து அச்சில் அழுத்திச் செய்கிற கல். மேசைமேல் மாதிரிக்கு ஒவ்வொரு தினுசிலும் ஒரு கல் இருந்தது. மற்றவையெல்லாம் வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தன. அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். தண்ணீர் ஊற்றிச் சாயம் போகிறதா என்று தேய்த்தாள். கல்லைத் தரையில் இறக்கி வைக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி நின்றாள். "குளுகுளுன்னு இருக்குளா," என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்தது வெள்ளைக் கல். ஒரு மூலையில் நீலத்தில் வளைவாக ஒரு கோடு. அதற்கு எதிர் மூலையில், இரண்டு ஓரத்தையும் ஒட்டி, கல்லின் பாதி வரைக்கும் ஓடுகிற சிவப்புப் பட்டைகள். நீலம் அலை மாதிரி இருக்கிறது என்றாள். சிவப்பு? "அது சும்மா கரை மாதிரி. சேலைக்குக் கரை வேணும்லா?" என்றாள். எனக்கும் பிடித்திருந்தது. என் பள்ளிக்கூடத்தில் பூத்தையல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு பூ பக்கத்துப் பூவோடு எப்படிச் சேரும் என்று துணியில் நாள் முழுக்கப் பார்க்கிறவள். கல்லில் பார்க்கத் தோன்றவே இல்லை. என்னத்தைச் சொல்ல!

கல் பதிக்க வந்த கொத்தனார் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். பூக்கல் பதிப்பதில் கைதேர்ந்தவர், அந்தப் பெருமை அவருக்கே நிறைய உண்டு. வேலை நடக்கும்போது கூடத்துக்குள் யாரையும் விட மாட்டார். நாங்கள் பக்கத்துச் சந்து வழியாகச் சமையல்கட்டுக்குப் போய் வந்தோம். எப்படியும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் வழி. தெருவாசல் ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கல்லெல்லாம் சிமெண்டுப் பாலும் மண்ணும் அப்பிச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அதன்மேல் ஈரச் சாக்கு.

சாக்கை எடுத்துத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவிய காலையில் பெரியப்பாவும் வந்திருந்தார். பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தியும் தரை பார்க்க வந்தாள். தண்ணீரை வழித்துத் தள்ளியதும் கூடம் பளபளத்தது. அத்தைதான் முதலில் காலை எடுத்து வைக்கப் போனாள். வைக்கப் போன கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"யேசுவே! குருசுளா!"

ஆமாம், சிலுவை. நாலு கல்லின் சிவப்புப் பட்டைகளும் ஒரு மூலையில் வந்து சேர்ந்து, அட்சரசுத்தமான சிவப்புச் சிலுவையாக நின்றன. ஒன்றா, இரண்டா? கூடம் முழுக்க. நடுநடுவே நீல வளைவுகள் நாலு நாலாகச் சேர்ந்து வட்டமாகிக் கிடந்தன, ஆனால் அதை யார் பார்த்தார்கள்! குருசு கண்டால் கும்பிடுகிற ஊரில் கால் வைக்கிற இடமெல்லாம் குருசு போட்டுவைத்திருக்கிறோம். அம்மாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

கொத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாலு கல்லு கூடுனாத்தானம்மா பூவே வரும். அச்சு அப்படி. எத்தனை பெரிய வீட்டுல போட்டிருக்கேன், எல்லாரும் பூன்னுதான் சொன்னாக."

"அவுகளுக்குப் பூ. எங்களுக்குக் குருசு," என்றார் பெரியப்பா. அப்புறம் அம்மா பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "பொம்பளை இஷ்டத்துக்கு விட்டா வீடு இப்படித்தான் விளங்கும். தம்பி வாரதுக்குள்ள இதைப் பேத்து எறிஞ்சிட்டு வெறும் சிமெண்டு பூசிருவோம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கைத்தடியைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பேன். ஆனால் என்ன பேச முடியும்? குருசு குருசுதானே. மறுநாளே முற்றத்தில் சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கிவிட்டன. அம்மா அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். "அவுக வரட்டும். அவுக சொன்னா உடைச்சுக்கோங்க," என்று மட்டும் சொன்னாள். அவள் பெரியப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பாவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வரட்டும், வரட்டும். அவன் வாயாலயே கேட்டுக்கோ," என்று போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் அதில் குருசு இல்லை. இரண்டைச் சேர்த்தாலும் இல்லை. நாலைச் சேர்த்தால் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. எந்தக் கல்லிலும் இல்லாத ஒன்றை நாம் மிதிக்கிறோமா, மிதிக்கவில்லையா? பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். கல் விற்ற அண்ணாச்சி, "கல்லு என்னம்மா செய்யும்? நீங்க பாக்குத பார்வை அது," என்றார். எங்கள் பள்ளிக்கூடத்து மதர், உடனே ஒரு செபம் சொல்லச் சொன்னார். பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, "ஜன்னல் கம்பியும்தான் குறுக்கும் நெடுக்குமா குருசு மாதிரி இருக்கு," என்றார். "ஜன்னலை யாரும் மிதிக்கிறது இல்லையே சாமி," என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்று வரைக்கும் சொல்லவில்லை.

அவர் சொன்ன பிறகு எனக்குப் பார்த்த இடமெல்லாம் குருசு. ஜன்னலில், கயிற்றுக் கட்டிலில், என் மாணவிகளின் தையலில். துறைமுகத்தில் நின்ற தோணிகளில்கூட, பாய்மரமும் குறுக்குக்கழியும் சேருகிற இடத்தில். இத்தனை நாள் இதெல்லாம் எங்கே போயிருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

கூடத்தில் நடப்பது பெரிய வித்தையாகிவிட்டது. அத்தை சேலையைத் தூக்கிக்கொண்டு, நீல வட்டத்திலிருந்து நீல வட்டத்துக்குப் பாண்டி விளையாடுகிற குமரி மாதிரி தாண்டுவாள். நானும் தாண்டினேன். அம்மா மட்டும் கூடத்துக்குள் காலே வைக்கவில்லை. சமையல்கட்டு வாசற்படியில் நின்று பார்ப்பாள், போய்விடுவாள். அப்பா கடலில் இருக்கும்போது அவள் வழக்கமாக நிற்கிற இடமும் அதுதான். அங்கே நின்றால் கூடத்தைத் தாண்டித் தெருவாசல் தெரியும், யார் என்ன செய்தி கொண்டு வருகிறார்கள் என்று முதலில் தெரியும்.

மிச்சக் கற்கள் கொஞ்சம் பின்முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் சிலவற்றை எடுத்து மணலில் பரப்பினேன். பூத்தையலில் ஒரே பூவைத் திருப்பித் திருப்பிப் போட்டால் வேறு வேறு கரை வரும். கல்லையும் திருப்பினால் என்ன? முதலில் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பினேன். குருசு அங்கே மறைந்து இங்கே வந்து நின்றது. நல்ல கூத்து! அப்புறம் ஒன்றை விட்டு ஒன்று திருப்பினேன். அரைகுறைக் குருசு. அலுத்துப்போய், எல்லாக் கல்லையும் ஒரே திசை பார்க்க, ஒரே மாதிரி அடுக்கினேன். குருசு காணாமல் போய்விட்டது. ஒவ்வொரு சிவப்பு மூலையும் தனித்தனியாக நின்றது. மேல்நோக்கி ஒரு பட்டை, பக்கவாட்டில் ஒரு பட்டை, அவை சேருகிற மூலைக்குப் பின்னால் ஒரு நீல வளைவு. இது என்ன உருவம் என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா, அசைக்காத!"

அம்மா சமையல்கட்டின் பின்வாசலில் கரண்டியோடு நின்றாள். "அப்படியே இருக்கட்டும். தோணிளா அது!"

பார்த்தால் தோணிதான். நிமிர்ந்த பட்டை பாய்மரம். படுத்த பட்டை தோணி. பின்னால் நீலமாகத் தண்ணீர் சுருண்டுகொண்டு வருகிறது. வரிசை வரிசையாகத் தோணிகள், எல்லாம் ஒரே திசையில் ஓடின. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். எதற்கு அழுதோம் என்று அப்போது கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

கொத்தனார் முதலில் மாட்டேன் என்றார். பதித்ததை எடுப்பது அவமானம் என்றார். அம்மா விடவில்லை. கீழே போட்ட சுண்ணாம்பு இன்னும் இறுகாததால் கம்பியால் நெம்பினால் கல் முழுசாக வந்தது. நாலில் ஒரு கல் ஏற்கெனவே சரியான திசையில்தான் இருந்தது, அதைத் தொட வேண்டியதில்லை. மற்ற மூன்றையும் பெயர்த்துத் திருப்பிப் போட வேண்டும். உடைந்ததற்கு மிச்சக் கற்கள் இருந்தன. இந்தத் தடவை அம்மா சாக்கெல்லாம் மூடவிடவில்லை. சமையல்கட்டு வாசற்படியை விட்டு நகராமல் நின்றுகொண்டு, "அந்தக் கல்லு தப்பு, திருப்புங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாதா சுரூபம் வைக்கிற பீடம் வரவேண்டிய மூலையில் மட்டும் ஒரு குருசை அப்படியே விடச் சொன்னாள். "அங்கன யாரு மிதிக்கப் போறா?" என்றாள்.

பெரியப்பா அந்தப் பக்கமே வரவில்லை. முற்றத்துச் சிமெண்டு மூட்டைகளை எடுத்துப் போகவும் இல்லை.

ஒரு முற்பகலில் அப்பாவின் தோணி துறைமுகத்துக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மா தரையைத் துடைத்துவிட்டு, முகம் கழுவி, தன் இடத்தில் வந்து நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். பெரியப்பா துறைமுகத்துக்கே போய்த் தம்பியைக் கூட்டிவந்தார். வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வந்திருப்பார் என்று தெரியாதா?

அப்பா தெருவாசலில் நிலைப்படியைத் தாண்டினார். தரையைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

பெரியப்பா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அடப் பாவிகளா," என்றார், மெதுவாகத்தான். "தோணிடா தம்பி. அத்தனையும் கவுந்துல்லா கிடக்கு!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்தச் சொல்லையே சொல்ல மாட்டோம். அப்பா கடலில் இருக்கும் நாளில் அம்மா கழுவிய சட்டியைக்கூட வாய் மேலே பார்க்கத்தான் அடுக்குவாள். தண்ணீர் வடியாவிட்டால் துணியால் துடைப்பாளே தவிர, குப்புற வைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் தன் கூடம் முழுக்க, வாசலில் வந்து நிற்கிற தண்டலின் கண்ணுக்கு முன்னால், தோணிகளைத் தலைகீழாகப் போட்டுவைத்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தரையைத் தெருவாசலில் நின்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்த வாசல் வழியாக நாங்கள் வந்தால்தானே பார்ப்பதற்கு!

அம்மாவின் கை என் கையைப் பிடித்தது.  ஜன்னலும் போச்சு, தரையும் போச்சு, முற்றத்தில் சிமெண்டு காத்திருக்கிறது என்று நினைத்தேன். அதைவிடவும் கூடுதலாக அவள் நெஞ்சில் என்ன ஓடியது என்பதை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை.

அப்பா குனிந்தார். செருப்பைக் கழற்றினார். தோணிகளின் மேலே நடந்து கூடத்தைக் கடந்து நேரே எங்களிடம் வந்தார். வந்தவர் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தார். உப்பும் வெயிலும் சேர்ந்த நாற்றம் அவர் சட்டையில் அடித்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏளா," என்றார். "நீ இங்கன நின்னுதான் போட்டியோ?"

"வேற எங்கன நிப்பேன்?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது, ஆனால் கோபமும் இருந்தது. "நீங்க போன நாள்ல இருந்து வார நாள் வரைக்கும் நான் நிக்குத இடம் இதுதான. எனக்கு இங்கன இருந்துதான் தெரியும்."

அப்பா தலையாட்டினார். "அண்ணே, இங்கன வந்து பாருங்க. அத்தனையும் நிமுந்து ஓடுது."

"வாசல்ல வந்து நிக்குதவன் என்னடா நினைப்பான்?" என்றார் பெரியப்பா. அவர் இன்னும் நிலைப்படியில்தான் நின்றார்.

"நிக்குதவன் உள்ள வந்து உக்காரட்டும். உக்காந்து பாக்கட்டும்."

அப்பா தெருவாசல் பக்கம் கிடந்த தன் சாய்வு நாற்காலியைத் தரையில் கோடு விழாதபடி தூக்கிவந்து, சமையல்கட்டு வாசல் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்.  பிறகு பெரியப்பாவுக்கும் கேட்கிற குரலில், "முத்தத்துல என்ன சிமெண்டு மூட்டை? சரி, வந்தது வந்துட்டு, வீணாக்க வேண்டாம். ஏளா, சமையக்கட்டுல அந்த ஜன்னலு எங்கன வேணும்னு சொன்ன?" என்று கேட்டார்.

 அம்மா என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். அப்பா எழுந்து பின்னாலேயே போனார், நானும் போனேன். கிழக்குச் சுவருக்கு முன்னால் நின்று, கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கையைப் பதித்து வைத்தாள்.

"இங்கன," என்றாள்.